‘டேக்’ என்றால் ‘எடு’ மட்டும்தானா?

கேள்வி சுருக்கமாக இது: “டேக் என்றால் எடு என்று பள்ளியில் படித்தேன். ஆனால் பஸ்ஸில் போவதற்கும் டேக், மாத்திரை போடுவதற்கும் டேக், இரண்டு மணி நேரம் ஆகும் என்பதற்கும் டேக் என்கிறார்கள். சரி என்று நானும் ‘டேக் குட் மார்க்ஸ்’, ‘டேக் எஃபர்ட்’, ‘டேக் எ டெசிஷன்’ என்று எழுதினால் மேலாளர் மூன்றையும் அடித்துத் திருத்துகிறார். இந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள்தான் இருக்கிறது? அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?”

பொருள் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் உங்கள் சிக்கல் பொருளில் இல்லை. ‘டேக்’ வரும் வாக்கியத்தைப் படிக்கும்போது உங்களுக்குப் புரிந்துவிடுகிறது, எழுதும்போதுதான் இடறுகிறது. அதாவது நீங்கள் உண்மையில் கேட்பது: தமிழில் ‘எடு’ வருகிற எந்த இடத்தில் ஆங்கிலம் ‘டேக்’ போடும், எந்த இடத்தில் வேறு வினைக்குப் போய்விடும்? பொருள்களை எண்ணத் தொடங்கினால் முடிவே இருக்காது. அகராதிகளில் மிக நீளமான பதிவுகள் எல்லாம் இப்படிப்பட்ட சின்னஞ்சிறு வினைகளுக்குத்தான். எண்ணுவதை விட்டுவிட்டு, அந்தச் சொல்லுக்கு அடியில் இருக்கும் படம் என்ன, நம் ‘எடு’வின் அடியில் இருக்கும் படம் என்ன என்று பார்த்தால் பாதி குழப்பம் தீரும்.

‘எடு’ என்றால் அடிப்படையில் ஒன்றை இருக்கும் இடத்திலிருந்து மேலே தூக்குவது. ‘எடுப்பு’, ‘எடுத்த குரல்’, ‘சுவர் எடுக்கிறார்கள்’ எல்லாவற்றிலும் அந்த மேல்நோக்கிய அசைவு இருக்கிறது. ‘டேக்’கில் அந்த அசைவு கட்டாயம் இல்லை. அதன் படம், ஒரு பொருள் எழுவாயின் பக்கம் வந்து சேர்வது. கைக்கோ, வயிற்றுக்கோ, பொறுப்புக்கோ, கணக்குக்கோ. இந்தப் படத்துக்குத் தமிழில் மிக நெருக்கமாக இருப்பது ‘எடு’ இல்லை, ‘கொள்’. கொள்முதல், கொள்ளளவு, பெண் கொள்வது, ‘இந்தக் குடம் எவ்வளவு கொள்ளும்’ என்று கேட்பது, இவற்றை ஆங்கிலத்தில் நினைத்துப் பாருங்கள். பெண் கொள்வதை ‘டேக் எ வைஃப்’ என்று பழைய பாணி ஆங்கிலத்தில் சொல்வார்கள். ‘இந்த வேன் பன்னிரண்டு பேர் கொள்ளும்’ என்பதற்கு ‘த வேன் டேக்ஸ் ட்வெல்வ் பீப்பிள்’ என்பது இன்றும் சரியான ஆங்கிலம். பேச்சுத் தமிழில் ‘கொள்’ தனி வினையாக மெலிந்து, ‘எடுத்துக்கோ’, ‘பாத்துக்கோ’, ‘வச்சுக்கோ’ என்று வால் சொல்லாக ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘டேக் இட்’ என்பதற்கு வாயில் இயல்பாக வருவது ‘எடு’ அல்ல, ‘எடுத்துக்கோ’ என்பதைக் கவனியுங்கள். அந்த ‘க்கோ’தான் ‘டேக்’.

ஒரு சின்ன விலகல். ‘டேக்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. பழைய ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்தது ‘நிமன்’ என்ற வினை. அதன் உறவுக்காரன் ‘நேமன்’ என்று ஜெர்மனில் இன்றும் தினப்புழக்கத்தில் இருக்கிறது. வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய பிறகு அவர்களுடைய நார்ஸ் மொழியின் ‘தாகா’ உள்ளே வந்து, சில நூற்றாண்டுகளில் ‘நிமன்’ இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய சொல் அடியோடு அழிந்துவிடவில்லை. மரத்துப்போதல் என்ற பொருளில் வரும் ‘நம்ப்’ அதன் எச்சம்தான். உணர்வு ‘கொள்ளப்பட்ட’ நிலை. வெளியிலிருந்து வந்த சொல், ஒரு மொழியின் மிக அடிப்படையான வினையையே இடம்பெயர்ப்பது அபூர்வம்.

இனி நடைமுறைக்கு வருவோம். ‘டேக்’கின் படத்தில் இரண்டாவது பாதி ஒன்று உண்டு: பொருள் என் பக்கம் வந்த பிறகு, அதோடு நான் நகர்ந்து போவது. தமிழில் இதைக் கொண்டு போ, எடுத்துட்டுப் போ என்கிறோம். ஆளாக இருந்தால் கூட்டிட்டுப் போ, அழைத்துச் செல் என்று மாற்றிவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு ஆளும் ஒன்று, குடையும் ஒன்று: ‘டேக் அன் அம்ப்ரெல்லா’, ‘டேக் யுவர் மதர் டு த டாக்டர்’. இங்கேதான் ‘பிரிங்’ என்ற சொல்லோடு குழப்பம் வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். தமிழருக்கு அந்தப் பயம் தேவையில்லை. ‘பிரிங்’ என்றால் கொண்டு வா, ‘டேக்’ என்றால் கொண்டு போ. ஆங்கிலத்தில் ‘வா’வின் பக்கம் எது என்றால், பேசுபவர் இருக்கும் இடமும் கேட்பவர் இருக்கும் இடமும். தமிழிலும் அதேதான்: அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் ‘இதோ வரேன்’ என்போமே தவிர ‘இதோ போறேன்’ என்பதில்லை. ‘நாளைக்கு உங்க வீட்டுக்குப் பழம் எடுத்துட்டு வரேன்’ என்றால் ‘பிரிங்’. ‘நாளைக்குத் தாத்தா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்’ என்றால் ‘டேக்’. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் இதையே விதியாக வைத்திருக்கிறது: வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும். தா, கொடு வேறுபாட்டை நாம் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிட்டோம், மலையாளம் இன்னும் வைத்திருக்கிறது. ஆனால் வா, போ வேறுபாடு நம்மிடம் முழுசாக இருக்கிறது. ஆகவே வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘வா’ வந்தால் ‘பிரிங்’, ‘போ’ வந்தால் ‘டேக்’. அயர்லாந்திலும், அமெரிக்கப் பேச்சில் பல இடங்களிலும் ‘டேக்’ வரவேண்டிய இடத்தில் ‘பிரிங்’ சொல்வதைக் கேட்பீர்கள். அது அவர்கள் வழக்கு. தவறென்று திருத்தப் போக வேண்டாம், பின்பற்றவும் வேண்டாம்.

நேரத்துக்கு வரும் ‘டேக்’ இதே படத்தின் நீட்சி: ஒரு வேலை நம்மிடமிருந்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் ‘ரெண்டு மணி நேரம் ஆகும்’, ‘பிடிக்கும்’ என்போம். இலங்கைத் தமிழில் ‘எவ்வளவு நேரம் எடுக்கும்’ என்றே கேட்பார்கள், அவர்களுக்கு இந்த இடம் இன்னும் சுலபம். அமைப்பை மட்டும் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் ‘இட் டேக்ஸ்’, பிறகு ஆள், பிறகு நேரம், கடைசியில் ‘டு’ போட்ட வினை. ‘இட் டேக்ஸ் மீ அன் அவர் டு கெட் டு த ஆபீஸ்’. இதில் நம்மவர் செய்யும் தவறு கடைசிப் பகுதியில்தான்: ‘ஃபார் ரீச்சிங்’ என்று முடிப்பது. ‘போய்ச் சேர்வதற்கு’ என்பதில் உள்ள ‘க்கு’வை ‘ஃபார்’ ஆக்கிவிடுகிறோம். நேரம் மட்டுமல்ல, ஒரு வேலைக்குத் தேவைப்படும் எதுவும் இந்த அமைப்பில் வரும். பீரோவைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்பது ‘இட் டேக்ஸ் ஃபோர் பீப்பிள் டு லிஃப்ட் இட்’. அப்படிச் சொல்லத் தைரியம் வேண்டும் என்றாலும் ‘இட் டேக்ஸ் கரேஜ்’. ரிமோட்டுக்கு எந்த பேட்டரி போடுவது என்றாலும் ‘வாட் பேட்டரீஸ் டஸ் இட் டேக்’. இங்கெல்லாம் ‘நீட்’ போட்டாலும் தப்பில்லை, ‘டேக்’ போட்டால் இயல்பாக இருக்கும்.

இப்போது உங்கள் சிக்கலின் மையம். தவறு வருவது ஆங்கிலச் சொல் கடினம் என்பதால் அல்ல. தமிழில் ‘எடு’ ஆங்கிலம் போகாத ஊருக்கெல்லாம் போவதால். மார்க் எடுக்கிறோம், முயற்சி எடுக்கிறோம், பேட்டி எடுக்கிறோம், தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம், சினிமாவுக்கு டிக்கெட் எடுக்கிறோம், அந்தச் சினிமாவையும் ஒருவர் ‘எடுக்கிறார்’, ஜெராக்ஸ் எடுக்கிறோம், வாந்தி எடுக்கிறோம், பசியும் எடுக்கிறது. இவற்றில் ஒன்றுக்குக்கூட ‘டேக்’ பொருந்தாது. மார்க் என்பது நாமாகக் கை நீட்டி அள்ளிக்கொள்வது இல்லை, நமக்குக் கிடைப்பது. ஆகவே ‘கெட்’ அல்லது ‘ஸ்கோர்’. முயற்சி நாம் உண்டாக்குவது. ஆகவே ‘மேக் அன் எஃபர்ட்’. சினிமாவும் உண்டாக்குவதுதான், ‘மேக்’ அல்லது ‘ஷூட்’. ஆனால் போட்டோ மட்டும் ‘டேக்’. பேட்டிக்கு வினையே தேவையில்லை, ‘இன்டர்வியூ’ என்பதே வினை: ‘ஷி இன்டர்வியூட் த மினிஸ்டர்’. துணியும் டிக்கெட்டும் காசு கொடுத்து வாங்குவது, ‘பை’ அல்லது ‘கெட்’. கடையில் ‘ஐ டுக் டூ ஷர்ட்ஸ்’ என்று சொன்னால் கேட்பவர் பணம் கொடுத்தீர்களா என்று ஒரு கணம் யோசிப்பார். ஏனென்றால் ‘சம்ஒன் டுக் மை பென்’ என்றால் திருடிவிட்டார்கள் என்றே பொருள் போகும். நாமும் ‘பேனாவை யாரோ எடுத்துட்டாங்க’ என்று அதே நாசூக்கோடு சொல்கிறவர்கள்தான்.

இந்த வரிசையிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. நான் கை நீட்டி ஏற்கிறேனா, எனக்கு வந்து சேர்கிறதா, நான் உண்டாக்குகிறேனா? ஏற்பது ‘டேக்’, வந்து சேர்வது ‘கெட்’, உண்டாக்குவது ‘மேக்’. மாமா சட்டை கொடுத்தால் ‘ஐ காட் எ ஷர்ட்’. ஆபத்து, பொறுப்பு, அறிவுரை, பழி இவற்றை ஏற்கிறோம்: ‘டேக் எ ரிஸ்க்’, ‘டேக் ரெஸ்பான்சிபிலிட்டி’, ‘டேக் அட்வைஸ்’, ‘டேக் த பிளேம்’. தவறு, வாக்குறுதி, திட்டம், சத்தம் இவற்றை உண்டாக்குகிறோம், எல்லாம் ‘மேக்’. இந்தச் சோதனை பத்தில் ஏழெட்டு இடத்தில் காப்பாற்றும் என்பது என் மதிப்பீடு. மீதியில் கைவிடும். ‘டேக் எ ஸ்டெப்’ ஏன் ‘மேக்’ இல்லை என்று கேட்டால், காரணம் கற்பிக்கலாமே தவிர விதியாகச் சொல்ல முடியாது. மொழியில் சில சோடிகள் பழக்கத்தால் சேர்ந்தவை.

சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘ஹேவ் யூ டேக்கன் யுவர் ஃபுட்’ என்று கேட்பது தென்னிந்திய ஆங்கிலத்தில் மரியாதையான விசாரிப்பு. நமக்குள் அது உறுத்தாது. வெளிநாட்டவர் காதில் அது மருந்து சாப்பிட்டாயா என்று கேட்பது போல விழும். ‘ஹேவ் யூ ஈட்டன்’ அல்லது ‘ஹேட் லஞ்ச்’ போதும். விருந்தினரிடம் ‘வில் யூ டேக் காபி’ என்பதற்குப் பதில் ‘வுட் யூ லைக் சம் காபி’. ஆனால் ‘டூ யூ டேக் ஷுகர்’ முழுக்கச் சரி. அது காபியில் சர்க்கரை சேர்க்கும் வழக்கம் உண்டா என்று கேட்பது. மருந்துக்கு எப்போதும் ‘டேக்’தான். மாத்திரை போட்டேன், சாப்பிட்டேன், மருந்து குடித்தேன் என்று தமிழில் நாலு விதமாகச் சொன்னாலும், ஆங்கிலத்தில் மாத்திரை, டானிக், சொட்டு மருந்து வாயால் உட்கொள்வது எல்லாம் ‘டேக்’. ஊசி மட்டும் ‘கெட்’ அல்லது ‘ஹேவ்’.

குளியல், ஓய்வு, பார்வை, இடைவேளை போன்றவற்றில் இரண்டு கரைகள் இருக்கின்றன. பிரிட்டிஷார் ‘ஹேவ் எ ஷவர்’, ‘ஹேவ் எ லுக்’ பக்கம் சாய்வார்கள், அமெரிக்கர் ‘டேக் எ ஷவர்’, ‘டேக் எ லுக்’ பக்கம். இரண்டும் சரி. நம் தவறு வினையில் இல்லை, நடுவில் விடுபடும் ‘எ’யில். ‘டேக் பாத்’, ‘டேக் ரிஸ்க்’, ‘டேக் சீட்’, ‘டேக் பஸ்’ என்று எழுதினால் வினை சரியாக இருந்தும் வாக்கியம் நொண்டும். எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் வந்தால் முன்னால் ‘எ’ அல்லது ‘த’ கட்டாயம். ‘டேக் கேர்’, ‘டேக் பார்ட்’, ‘டேக் ஆக்‌ஷன்’, ‘டேக் சார்ஜ்’, ‘டேக் நோட்ஸ்’ இவற்றில் தேவையில்லை. முதல் நான்கும் எண்ணாமல் வரும் உறைந்த தொடர்கள், கடைசி பன்மை. ஓய்வுக்கு ‘டேக் ரெஸ்ட்’ என்பதை இந்தியாவில் மருத்துவர்களே சொல்கிறார்கள், ஆகவே இங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எழுத்தில் ‘கெட் சம் ரெஸ்ட்’ அல்லது வெறும் ‘ரெஸ்ட்’ என்று போட்டால் எல்லா ஊரிலும் செல்லும்.

பரீட்சைக்கு இந்தியாவுக்குள்ளேயே மூன்று வினைகள். நாம் பரீட்சை ‘எழுதுகிறோம்’, ஆகவே தென்னிந்தியர் ‘ரைட் அன் எக்ஸாம்’ என்பார்கள். கனடாவிலும் அப்படிச் சொல்வது உண்டு. இந்தியில் பரீட்சை ‘கொடுப்பது’ வழக்கம், ஆகவே வட இந்தியர் ‘கிவ் அன் எக்ஸாம்’ என்பார்கள். மற்ற நாட்டவருக்கு அது பரீட்சை நடத்தும் ஆசிரியரின் வேலை. பிரிட்டனில் ‘சிட் அன் எக்ஸாம்’ என்பதும் உண்டு. எங்கும் செல்லுபடியாவது ‘டேக் அன் எக்ஸாம்’. தேறினீர்களா இல்லையா என்று அது சொல்லாது. வகுப்பு இதைவிட வழுக்கும். ‘ஐ டேக் கிளாஸஸ் இன் த ஈவினிங்’ என்று நம் ஊர் ஆசிரியர் சொன்னால் பாடம் நடத்துகிறார். அதையே ஒரு அமெரிக்கர் கேட்டால் இவர் மாலையில் மாணவராகப் போகிறார் என்று நினைப்பார். பிரிட்டிஷ் வழக்கில் ஆசிரியர் பக்கமும் ஓரளவு உண்டு. சுயவிவரக் குறிப்பில் ‘டீச்’ என்றே எழுதிவிடுங்கள், வம்பில்லை.

அழைப்பு விஷயம் இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டில் ‘போனை எடு’ என்றால் வந்த அழைப்புக்குப் பதில் பேசு. யாழ்ப்பாணத்தவர் ‘பிறகு கோல் எடுக்கிறன்’ என்றால் அவரே உங்களை அழைப்பார். ஆங்கிலத்தில் ‘டேக் எ கால்’ என்பது தமிழ்நாட்டுப் பொருள். அழைப்பது ‘மேக் எ கால்’. இந்திய அலுவலகங்களில் ‘லெட்ஸ் டேக் எ கால் ஆன் திஸ்’ என்றால் முடிவெடுப்போம் என்று பொருள். இது இந்திய ஆங்கிலத்துக்கே உரிய வழக்கு. லண்டன் வாடிக்கையாளர் போனைத் தேடக்கூடும். அவர்களுக்கு எழுதும்போது ‘டிசைட்’ போதும்.

பஸ், ரயில், ஆட்டோ எல்லாவற்றுக்கும் ‘டேக்’ என்பது போகும் வகையைச் சொல்கிறது. ‘எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்’ என்று தவறவிடாமல் ஏறுவதைச் சொல்ல வேண்டுமானால் ‘கேட்ச்’. படியில் கால் வைக்கும் செயல் ‘கெட் ஆன்’. காருக்கும் ஆட்டோவுக்கும் ‘கெட் இன்’.

இலக்கணத்தில் கறாராகத் தவறு என்று சொல்லக்கூடியவை சில. முதலாவது ‘டேக் பிளேஸ்’. நடைபெறு என்ற பொருள் கொண்ட இந்தத் தொடருக்குச் செயப்பாட்டு வடிவமே கிடையாது. ‘த மீட்டிங் வாஸ் டேக்கன் பிளேஸ்’ என்று அறிக்கைகளில் வருவதற்குக் காரணம், ‘கூட்டம் நடத்தப்பட்டது’ என்று மனத்தில் ஓடுவது. ‘த மீட்டிங் டுக் பிளேஸ்’ அல்லது ‘வாஸ் ஹெல்ட்’. இரண்டாவது வடிவங்கள்: டேக், டுக், டேக்கன். ‘டிட்’ வந்தால் அடுத்து ‘டேக்’தான், ‘டிட்நாட் டுக்’ கிடையாது. ‘ஹேவ்’ வந்தால் ‘டேக்கன்’. உச்சரிப்பில் ‘டுக்’ குறில், ‘புக்’ மாதிரி. ‘டூக்’ என்று நீட்டுவது பரவலான பழக்கம். ஆனால் ‘டேக்கன்’ பெயரடை போலவும் வரும், அதைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். ‘இஸ் திஸ் சீட் டேக்கன்’ என்றால் ‘இங்க யாராச்சும் உக்காந்திருக்காங்களா’.

‘டேக்’குக்குப் பின்னால் ‘ஆஃப்’, ‘இன்’, ‘ஆன்’, ‘ஓவர்’ என்று ஒரு சின்னச் சொல் ஒட்டினால் பொருளின் திசையை அந்த ஒட்டுதான் முடிவு செய்கிறது. ‘ஆஃப்’ என்றால் ஒட்டியிருந்ததிலிருந்து விலகல்: செருப்பைக் கழற்றுவது, விலையில் பத்து ரூபாய் குறைப்பது, ஒருநாள் விடுப்பு, விமானம் தரையை விட்டுக் கிளம்புவது. நாலும் தனித்தனிப் பொருள் போலத் தெரிந்தாலும் விலகல் ஒன்றுதான். ‘இன்’ என்றால் உள்வாங்கல்: சொன்னதை மனத்தில் வாங்குவது, வீடற்றவருக்கு இடம் கொடுப்பது, தொளதொளவென்ற சட்டையைத் தையல்காரர் பிடித்துத் தைப்பது. ஏமாந்துபோவதும் ‘டேக்கன் இன்’தான்; யாரோ நம்மை உள்ளே இழுத்துவிட்டார்கள். ‘ஓவர்’ என்றால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பொறுப்பு போவது, ‘ஆன்’ என்றால் தோளில் ஏற்றிக்கொள்வது. ‘டேக் ஆஃப்டர்’ மட்டும் இப்படி அவிழாது. அப்பா ஜாடை, அம்மா குணம் என்று பெற்றவர்களைக் கொண்டிருப்பதைச் சொல்லும் தொடர் அது, அப்படியே நினைவில் வைக்க வேண்டியதுதான். ‘லுக் ஆஃப்டர்’ என்பதோடு கலந்து, பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு ‘ஐ டேக் ஆஃப்டர் மை கிராண்ட்மதர்’ என்று எழுதுபவர்கள் உண்டு. படிப்பவர் ‘அப்படியா, பாட்டி ஜாடையா’ என்று கேட்பார். அவர் சொல்ல வந்தது ‘டேக் கேர் ஆஃப்’. இன்னொரு பொறி: ‘இட்’, ‘தெம்’ போன்ற மாற்றுப்பெயர் வந்தால் அது நடுவில் உட்கார வேண்டும். ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’ சரி, ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ சரி, ‘டேக் தெம் ஆஃப்’ சரி, ‘டேக் ஆஃப் தெம்’ தவறு. ‘டேக் ஆஃப்டர்’ பிரியாது. ‘டேக் ஹெர் ஆஃப்டர்’ என்று வராது.

மனப்பாடம் வேண்டுமா என்றால், ‘டேக்’கின் பொருள் பட்டியலை வேண்டாம். அகராதியில் ‘டேக்’ என்ற பதிவைத் திறப்பதே வீண் வேலை; பத்துப் பக்கம் உருட்டினாலும் தேடியது கிடைக்காது. பெயர்ச்சொல்லைத் திறங்கள். கற்போருக்கான அகராதி எதிலும் ‘எஃபர்ட்’ என்று தேடினால் ‘மேக்’ என்ற சோடி அங்கேயே எடுத்துக்காட்டில் இருக்கும். ‘இன்டர்வியூ’ என்று தேடினால் அது வினையாகவும் வரும் என்று தெரியும். ஒரு வாரத்துக்கு நீங்கள் எழுதும் மின்னஞ்சல்களில் ‘டேக்’ வரும் வரிகளை மட்டும் தனியே குறித்து, பின்னால் நிற்கும் பெயர்ச்சொல்லைத் தேடிப் பாருங்கள். அலுவலக எழுத்தில் திரும்பத் திரும்ப வருபவை முப்பது, நாற்பது சோடிகளைத் தாண்டாது. நான் சொன்னவை அன்றாடப் பேச்சுக்கும் அலுவலக எழுத்துக்கும் உரியவை. சட்ட ஆவணங்களில் இந்தச் சொல்லுக்கு வேறு கணக்கு உண்டு, அதற்கு அந்தத் துறையினரைக் கேளுங்கள்.

உங்கள் மேலாளர் திருத்திய மூன்றில், ‘டேக் குட் மார்க்ஸ்’, ‘டேக் எஃபர்ட்’ இரண்டிலும் அவர் சரி. ‘டேக் எ டெசிஷன்’ அப்படி இல்லை. அமெரிக்கர் ‘மேக்’ மட்டுமே சொல்வார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், அதுவும் அரசு, நிறுவன எழுத்தில், ‘டேக் எ டெசிஷன்’ வெகுநாளாகப் புழங்குகிறது. உங்கள் அலுவலகம் அமெரிக்க வாடிக்கையாளருக்கு எழுதுகிறது என்றால் ‘மேக்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு திருத்தத்தை அவரிடம் மரியாதையோடு திருப்பிக் கேட்கலாம்.